சீகைமட்டத்துக் காலித் தோட்டாக்கள்

மழை பிடித்த ஆனி மாதத்திலிருந்து சீகைமட்டத்துத் துப்பாக்கிகள் எல்லாம், யாரும் சுடாமலே, காலித் தோட்டாக்களைக் கக்கிக்கொண்டிருந்தன. ஊருக்கே தெரிந்த சங்கதி என்பதால், ஆவணி முதல் வாரம் கோயம்புத்தூரிலிருந்து பேருந்தேறி வந்த ஜெசிந்தாவிடம் அதை ஒருவரும் தனியாக எடுத்துச் சொல்லவில்லை. மலைக்குக் கீழே இருக்கிற துப்பாக்கிகளும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கும் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

ஜெசிந்தாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அப்பா விட்டுப்போன துப்பாக்கிக் கடையை நடத்திக்கொண்டு, பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் பார்த்து இது அசல், இது ஒட்டுப்போட்டது, இது குழல் மாற்றியது என்று சான்றிதழ் எழுதித் தருகிறவள். சந்தேகம்தான் அவளுக்குச் சோறு போட்டது. அவளிடம் வருகிற துப்பாக்கி ஒவ்வொன்றும் ஏதாவது ஜமீன்தார் கைப்படக் கொடுத்ததாகவும், ஆளைத் தின்ற புலி ஒன்றையாவது வீழ்த்தியதாகவும் வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். அத்தனையும் நிஜமென்றால் இந்தப் பக்கத்து மலைகளில் மனிதர்களைவிடப் புலிகள்தான் அதிகம் வாழ்ந்திருக்க வேண்டும் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடியை எடுத்து எண்களைப் படிக்கத் தொடங்குவாள். ஆள் பொய் சொல்வான், கட்டை பொய் சொல்லும், மெருகு பொய் சொல்லும், ஆனால் இரும்பில் அடித்த எண்ணைப் பொய் சொல்லவைப்பது கஷ்டம் என்பது அவள் கண்டது.

அவளை வரவழைத்தவர் சிவப்பிரகாசம், தேயிலைத் தொழிற்சாலை வைத்திருந்து ஓய்ந்தவர், அறுபத்தேழு வயது. அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கம்பளி விரித்து ஏழு துப்பாக்கிகளைப் படுக்கவைத்திருந்தார். ஆளுக்கு இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது என்பதால் தன் பேரில் இரண்டு, மனைவி பேரில் இரண்டு, மகன் பேரில் இரண்டு, மருமகள் பேரில் ஒன்று என்று உரிமம் பிரித்து வாங்கியிருந்தார். ஏழும் ஒரே ரகம், ஒரே அளவுத் தோட்டா, ஏறக்குறைய ஒரே காலத்தவை. ஏழில் ஆறு, இதே ஊரின் ஆறு வீடுகளிலிருந்து இருபது வருஷமாக ஒவ்வொன்றாக அவர் வாங்கிச் சேர்த்தவை.

ஜெசிந்தாவின் சந்தேகம் அங்கேயே தலை தூக்கியது. சேகரிக்கிறவன் விதவிதமாகச் சேர்ப்பான். அல்லது ஒன்றையே சேர்த்தாலும் நல்லதாகப் பார்த்துச் சேர்ப்பான். இவரோ கட்டை பிளந்ததை, துரு தின்றதை, குறி பார்க்கும் முள் ஒடிந்ததை எல்லாம் அதே ஆசையோடு வாங்கி வைத்திருந்தார்.

"ஹைதராபாத்துல ஒரு பெரிய மனுஷன் ஏழையும் சேர்த்துக் கேட்கிறார்ங்க," என்றார் சிவப்பிரகாசம். "வெள்ளிக்கிழமைக்குள்ள உங்க கையெழுத்து வேணும். எல்லாம் அசல்னு ஒரு வரி போதும்."

"பார்த்துட்டுச் சொல்றேன்ங்க," என்றாள்.

முதல் துப்பாக்கியை எடுத்தாள். குழலின் பின்னால் தாழ்ப்பாள் மாதிரி இருக்கிற போல்ட்டைத் தூக்கிப் பின்னால் இழுத்தாள். கணகணவென்று சூடான ஒரு காலித் தோட்டா வெளியே குதித்து மேசையில் உருண்டது. யாரோ இப்போதுதான் சுட்டமாதிரி அதன் வாயில் புகை நெளிந்தது. அவள் குழலுக்குள் பார்த்தாள். எண்ணெய் மின்னியது, கரி இல்லை. மறுபடி முன்னால் தள்ளி மறுபடி இழுத்தாள். இன்னொன்று குதித்தது.

சிவப்பிரகாசத்தின் மனைவி சௌந்தரம் அடுக்களையிலிருந்து ஓர் அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "இதுல போடுங்கம்மா. தரையில விழுந்தா காலைக் குத்துது," என்றாள். பிறகு காபி போடப் போய்விட்டாள்.

ஜெசிந்தா இதை ஏமாற்று வேலை என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டாள். கட்டையைக் கழற்றினாள், தோட்டா அறையைக் கழற்றினாள், மறைவாகச் செருக இடமிருக்கிறதா என்று விரல் விட்டுத் துழாவினாள். எங்கும் இடமில்லை. இருபத்தொரு முறை இழுத்து, இருபத்தொரு தோட்டாக்கள் சட்டியில் விழுந்தபிறகு, இதற்குச் சான்றிதழில் எந்தக் கட்டம் என்று மட்டும் யோசித்தாள்.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட விதத்தை அன்று மத்தியானத்துக்குள் அவள் தெரிந்துகொண்டாள். சீகைமட்டத்தில் மொத்தம் இருபத்தாறு துப்பாக்கிகள் இருந்தன. காட்டுப்பன்றி தோட்டத்தை உழுதுவிடுகிற ஊர், பயிரைக் காக்க உரிமம் வாங்கின வீடுகள். முதல் வாரம் பயந்தார்கள், இரண்டாம் வாரம் மாதா கோயிலிலும் மாரியம்மன் கோயிலிலும் வேண்டிக்கொண்டார்கள், மூன்றாம் வாரம் விளக்குத்திரி செருகி வைக்கவும், பையன்கள் சதுரங்கத்தில் தொலைந்த சிப்பாய்க்குப் பதிலாக வைக்கவும், தையல் கடையில் நூல் சுற்றவும் எடுத்துக்கொண்டார்கள். அப்போதுதான் யாரோ ஒருத்தி, காது குத்துகிற வீட்டில் வேடிக்கையாக, ஒரு தோட்டாவைச் சங்கு மாதிரிக் காதில் வைத்துப் பார்த்தாள். உள்ளே ஒரு கடமான் மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்சு வெளியே வரவில்லை.

அப்படியாகத் தெரிந்தது: குண்டு எதன் மேல் பட்டதோ, அதன் கடைசி மூச்சு அந்தத் தோட்டாவுக்குள் இருந்தது. பன்றியானால் உறுமல், கேளையாடானால் ஒரு குரைப்பு, காட்டெருமையானால் மலை சரிகிறமாதிரி ஒரு பெருமூச்சு. குறி தவறியதானால் வெறும் காற்று. ஊரில் அன்றிலிருந்து பழைய பெருமைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. வரவேற்பறையில் சிறுத்தைத் தோலை மாட்டிவைத்திருந்த வீட்டின் தோட்டாக்களில் நாற்பத்து மூன்று காற்றும், ஒரு வெள்ளாடும் இருந்தன. ஆட்டின் சொந்தக்காரர்கள் அடுத்த தெருவில்தான் குடியிருந்தார்கள். நாற்பது வருஷமாகச் சிறுத்தை கொண்டுபோயிற்று என்று நம்பியிருந்த அவர்கள் அன்றோடு அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை. மாமனார் துப்பாக்கியை மருமகன் திருட்டுத்தனமாக இழுத்துக் கேட்டான். மனைவிமார் கணவர் குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் கேட்டார்கள். ஒருவர் வீட்டுச் சட்டியை இன்னொருவர் பார்க்கும் பார்வையே மாறிப்போனது. தகராறு பெருகவும் சப்-இன்ஸ்பெக்டர் வடமலை ஓர் உத்தரவு போட்டார்: இனி எந்த வீட்டிலும் காலித் தோட்டா வைத்துக்கொள்ளக்கூடாது, எல்லாவற்றையும் தொழிற்சங்கக் கூடத்தின் வாசலில் இருக்கிற தார் பீப்பாயில் கொட்டிவிட வேண்டும். எல்லோருக்கும் அது நிம்மதியாக இருந்தது. பீப்பாயில் கலந்தபிறகு எது யாருடையது என்று எவனும் சொல்லமுடியாது.

ஜெசிந்தா சாயங்காலம்வரை எண்களைப் படித்தாள். இந்த ரகத் துப்பாக்கியில் குழலில் ஓர் எண், போல்ட்டில் அதே எண், தாயும் பிள்ளையும் மாதிரி இருக்கவேண்டும். முதல் துப்பாக்கியில் இரண்டும் ஒட்டவில்லை. அது சகஜம். இரண்டாவதிலும் ஒட்டவில்லை. ஏழாவதையும் பார்த்து முடித்தபோது அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஏழு குழல், ஏழு போல்ட், ஒன்றுகூட அதனதன் இடத்தில் இல்லை, ஆனால் வெளியே இருந்து ஓர் எண்ணும் வரவில்லை. ஒருவருடையதை ஒருவர் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், ஏழு பேரும், வட்டமாக.

"போல்ட்டெல்லாம் மாறியிருக்குதுங்க," என்றாள்.

சிவப்பிரகாசம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "சுத்தம் பண்றப்ப மாறியிருக்கும்ங்க."

"ஏழு வீட்டுத் துப்பாக்கியை ஒரே இடத்துல யாருங்க சுத்தம் பண்ணினது?"

"பழைய கதை. அதையெல்லாம் எழுதணும்னு இல்லை. சரியா இருக்குதுன்னு எழுதிடுங்க," என்றார், அவள் பக்கம் திரும்பாமலே.

அவள் எழுதவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கி நடந்தாள்.

தொழிற்சங்கக் கூடத்தை ஒட்டியே மாதியின் டீக்கடை. மாதிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கை நிறையத் தழும்பு, பேச்சு குறைவு. வந்தவள் துப்பாக்கி பார்க்கிறவள் என்பது அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. டீயை வைத்துவிட்டு, மாதி சர்க்கரை டப்பாவுக்குள்ளிருந்து ஒரு தோட்டாவை எடுத்து டம்ளர் பக்கத்தில் வைத்தாள்.

"பீப்பாயில கொட்டுறப்ப உருண்டு என் கடைக்குள்ள வந்துச்சுங்க. கேட்டுப் பாருங்க," என்றாள்.

ஜெசிந்தா காதில் வைத்தாள். ஓர் ஓடை கல்லில் விழுந்து ஓடும் சத்தம். பிறகு ஏதோ இரும்பு, இரண்டு முறை. பிறகு ஓர் ஆணின் குரல், மூச்சு இரைக்க, ஆனால் பணிவாக: "நானுங்க... நான்தானுங்க." அவ்வளவுதான்.

அவள் தோட்டாவைக் கீழே வைத்தாள். டீ ஆறியது.

"எங்கப்பா மாரன்," என்றாள் மாதி. "வேட்டைக்குப் போறவங்களுக்குத் தடம் பார்த்துக் குடுப்பாரு. எனக்கு ஆறு வயசு. ஏழு பேர் கூடக் காட்டுக்குப் போனவரு வரலை. மைசூர்ப் பக்கம் எவகூடவோ போயிட்டான்னு சொன்னாங்க. எங்கம்மா அதை நம்பியே செத்துப்போச்சு."

"குரல் அவருதுன்னு தெரியுதா?"

"எனக்கு ஞாபகம் இல்லைங்க. ஞாபகம் இருக்கிற வயசானவங்க கிட்டயெல்லாம் குடுத்தேன். காதுல வெச்சுக் கேட்டுட்டு, இந்தக் குரலைக் கேட்டதே இல்லைங்கிறாங்க. கேட்டதே இல்லைன்னா கை எதுக்குங்க நடுங்கணும்?"

அந்தக் கேள்வி ஜெசிந்தாவுக்குப் பிடித்திருந்தது. அவளே கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

தோட்டாவின் அடிப்பகுதியைக் கண்ணாடியில் பார்த்தாள். போல்ட்டுக்குள் இருக்கிற ஊசி குத்தித்தான் தோட்டா வெடிக்கும். ஒவ்வோர் ஊசியும் ஒரு விதமாகக் குத்தும். இது பள்ளத்தின் ஓரத்தில் பிறைபோல ஒரு சிதைவோடு குத்தியிருந்தது. அதை அவள் அன்று மத்தியானம் ஒரு போல்ட்டில் பார்த்திருந்தாள். எந்தப் போல்ட் என்பதும் நினைவிருந்தது.

"நாளை மறுநாள் காலையில கூடத்தைத் திறந்து வைக்கச் சொல்லுங்க," என்றாள்.

அந்த இரண்டு நாளும் அவள் தங்கியிருந்த விடுதிக்கு ஊர் வந்துபோனது. ஒருவர் பலாப்பழம் கொண்டுவந்தார், ஒருவர் தேன் கொண்டுவந்தார். ஒன்றையும் அவள் வாங்கவில்லை. மாரன் குடிகாரன் என்று ஒருத்தி சொன்னாள். மாரன் குடிக்கவே மாட்டான், ஆனால் கடன்காரன் என்று இன்னொருத்தி சொன்னாள். அவன் இப்போதும் குண்டல்பேட்டையில் பேரன் பேத்தியோடு இருக்கிறான், என் மச்சான் பார்த்தார் என்று ஒருவர் சத்தியம் செய்தார். எல்லோரும் தாங்கள் சொல்லவந்ததைச் சொல்லிமுடித்தபிறகு ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: ஊசியைப் பார்த்தே சொல்லிவிட முடியுமா என்று. ஜெசிந்தா எல்லோரையும் சந்தேகப்பட்டாள். பலாப்பழத்தை, தேனை, விடுதிக்காரனின் சிரிப்பைக்கூட. தன்னையும் சந்தேகப்பட்டாள், ஏனென்றால் நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பிறைத் தழும்பின் பேரில் ஓர் ஊரைப் பிளக்கப்போகிறோமே என்று ஒரு பக்கம் பயமாகவும் இருந்தது.

ஒரே ஒருவர்தான் ஒன்றும் கேட்காமல் வந்தார். அந்த ஏழு பேரில் சிவப்பிரகாசம் தவிர உயிரோடிருந்தவர் தருமலிங்கம் மட்டும்; மற்ற ஐந்து பேரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து, தடியின் பூணைத் தேய்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "போல்ட்டை மாத்திக்கிட்டது நிஜம். ஏழு பேரும் ஒண்ணாத்தான் சுட்டோம், புதர் அசைஞ்சுது. யார் குண்டு பட்டுச்சுன்னு எவனுக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்னுதான் மாத்திக்கிட்டோம். அடுத்த நாள் காலையில, சிவப்பிரகாசம் வீட்டு மேசையில."

"யார் சொல்லி மாத்தினீங்க?"

அவர் தடியை ஊன்றி எழுந்து போனார்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தொழிற்சங்கக் கூடத்தில் நிற்க இடமில்லை. வடமலை ஏழு துப்பாக்கிகளையும் ஜீப்பில் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சிவப்பிரகாசம் வெள்ளைச் சட்டையும் கம்பளி மேலாடையுமாக முன்வரிசையில் உட்கார்ந்தார். வராமல் இருந்தால்தான் சந்தேகம் என்று நினைத்திருப்பார். மாதி கடையை அடைக்காமல் பாலை இறக்கிவைத்துவிட்டு வந்து சுவரோரம் நின்றாள்.

ஜெசிந்தா ஏழு போல்ட்டுகளையும் உருவி வரிசையாக வைத்து, எண்ணைப் படித்து, ஒவ்வொன்றையும் அது பிறந்த குழலுக்குள் செருகினாள். இரண்டு நாளாக முறுக்கிக்கொண்டு மூடிய போல்ட்டுகள் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல மூடிக்கொண்டன. பிறகு ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை இழுத்தாள். ஏழு துப்பாக்கிகளும் ஏழு தோட்டாக்களைக் கக்கின. அவள் முதலாவதைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு வடமலையிடம் கொடுத்தாள், அவர் கேட்டுவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார், அப்படியே கூடம் முழுக்கக் கை மாறிற்று. ஏழிலும் அதே ஓடை கல்லில் விழுந்து ஓடியது. ஏழிலும் காற்று. உறுமல் இல்லை, மூச்சு இல்லை, காற்று மட்டும்.

தருமலிங்கம் தன்னுடையதை இரண்டு முறை கேட்டார். அவர் முகத்தில் முப்பத்தொன்பது வருஷம் இறங்கியது. "என்னது காத்துங்க," என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னார். "காத்துதான்."

"ஏழு பேரும் ஒண்ணா சுட்டது நிஜம்," என்றாள் ஜெசிந்தா. குரலை உயர்த்தவில்லை. "ஏழும் படலை. அதுக்கப்புறம்தான் மாரன் குரல் குடுத்திருக்கிறார், மனுஷன் இருக்கேன்னு சொல்றதுக்கு. மாதி கையில இருக்கிறது எட்டாவது தோட்டா."

கூடத்தில் யாரோ இருமினார்கள், இருமலை அடக்கிக்கொண்டார்கள்.

"இந்தத் துப்பாக்கி தானா அடுத்த குண்டைச் சுடாதுங்க. போல்ட்டை மேலே தூக்கணும். பின்னால இழுக்கணும். முன்னால தள்ளணும். கீழே மடக்கணும். அப்புறம் குறி பார்க்கணும். கை தவறி நடக்கிற காரியம் இல்லை." அவள் சொல்லிக்கொண்டே ஒரு துப்பாக்கியில் அதைச் செய்து காட்டினாள், மெதுவாக. அந்த இரும்புச் சத்தம் இரண்டு முறை எழுந்தது. "மாரன் பேசுறதுக்கு முன்னால இந்தச் சத்தம் அந்தத் தோட்டாவுக்குள்ள கேட்குது. அவருக்கும் கேட்டிருக்குது. அதான் ரெண்டு தரம் சொல்லியிருக்கிறார்."

"யாருதுங்க அது?" என்றார் வடமலை.

"இதுதான்," என்று மூன்றாவது துப்பாக்கியைத் தொட்டாள். "ஊசி பிறை மாதிரி குத்துது. மாத்திக்கிட்டதிலிருந்து இந்த போல்ட், கடைசியா வாங்கின தருமலிங்கம் ஐயா துப்பாக்கியில இருந்திருக்குது. குழல் ஆதியிலிருந்தே சிவப்பிரகாசம் ஐயாவோடது, உரிமத்துல எண் இருக்குது."

சிவப்பிரகாசம் எழுந்து நின்றார். "என்னங்க இது. ஒரு காலித் தோட்டா சொல்றதை வெச்சு," என்றார், "அன்னிக்கு எல்லாருக்கும் பதட்டம். யார் என்ன செஞ்சோம்னு யாருக்குத் தெரியும்?"

"மாத்திக்கலாம்னு சொன்னது நீதான் சிவா," என்றார் தருமலிங்கம், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "யார் குண்டுன்னு தெரியாதுன்னு சொன்னியே. உனக்குத் தெரிஞ்சுதான் சொல்லியிருக்கிறே. அந்த வேட்டைக்கு அடுத்த திங்கக்கிழமை சந்தனக்கட்டை வழக்குல மாரன் சாட்சி சொல்ல இருந்தான். உன்னைத் தவிர எங்க யாருக்கும் அந்த வழக்குல சம்பந்தம் கிடையாது." அவர் தடியைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "ஏழு சத்தத்துக்கப்புறம் ஒரு சத்தம் கேட்டது எனக்கு. எதிரொலின்னு நெனச்சுக்கிட்டேன். நெனச்சுக்கிட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

எல்லோரும் சிவப்பிரகாசத்தைப் பார்த்தார்கள். அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார், பணம் கொடுத்துக் கூட்டிவந்த ஆளைப் பார்க்கிற பார்வையாக அது இல்லை. இருபது வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி அவர் தேடிச் சேர்த்தது அந்த ஒரு போல்ட்டைத்தான் என்பதும், அது எந்த வீட்டுக்குப் போனது என்று தெரியாமல்தான் ஆறு வீட்டுத் துப்பாக்கிகளையும் வாங்கி, தன்னுடையதோடு சேர்த்து மலையைவிட்டே அனுப்பப் பார்த்தார் என்பதும், அவள் வாய் திறக்காமலே கூடத்துக்குப் புரிந்துவிட்டது.

மாதி சுவரைவிட்டு நடந்து வந்தாள். கூட்டம் வழி விட்டது. அவர் முன்னால் நின்று, உள்ளங்கையைத் திறந்து தோட்டாவை நீட்டினாள்.

"எல்லாரும் கேட்டுட்டாங்க. நீங்க மட்டும் இன்னும் கேட்கலைங்க," என்றாள்.

அவர் வாங்கவில்லை. அவள் கையை மடக்கவும் இல்லை. வெளியே அடுத்த பேருந்து வந்து, நின்று, ஆள் ஏற்றாமல் புறப்பட்டுப் போயிற்று. கூடத்தைவிட்டு யாரும் கலைந்து போகவில்லை என்று தெரிந்ததும் சிவப்பிரகாசம் இரண்டு விரலால் அதை எடுத்தார். சுட்டதுபோல ஒருமுறை விரலை மாற்றிப் பிடித்தார். காதில் வைத்தார்.

"எங்கப்பா உங்களைக் கூப்பிட்டிருக்கிறாருங்க," என்றாள் மாதி. "கூப்பிட்டவருக்கு நீங்க பதில் சொல்லலை. இப்பவாவது சொல்லுங்க."

அவர் வெகுநேரம் கேட்டார். ஓடை ஓடியிருக்கும், இரும்பு இரண்டு முறை சத்தம் போட்டிருக்கும், அந்தக் குரல் வந்திருக்கும், மறுபடி முதலிலிருந்து ஓடை. அவர் மனைவி சௌந்தரம் பெண்கள் வரிசையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர், கூட்டத்துக்கும் இல்லாமல் போலீசுக்கும் இல்லாமல், தோட்டாவின் வாய்க்குள் பேசுகிறவராக, ரொம்பச் சின்னக் குரலில் சொன்னார்:

"தெரியும், மாரா."

அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் வடமலை எழுதிக்கொள்ள வேறொன்றும் தேவைப்படவில்லை. மத்தியானம் சிவப்பிரகாசமே முன்னால் நடந்து இடத்தைக் காட்டினார். ஓடைக்கு மேலே, இரண்டு நாவல் மரத்துக்கு நடுவில். தோண்டியவர்கள் மாதி வரும்வரை காத்திருந்தார்கள்.

ஜெசிந்தா அங்கே போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து ஏழு சான்றிதழ்களையும் எழுதினாள்: எண்கள் பொருந்துகின்றன, போல்ட்டும் குழலும் அசல். எழுதிமுடித்துப் பழக்கத்தில் மூன்றாவது துப்பாக்கியின் போல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை. அதையும் அவள் உடனே நம்பவில்லை. இன்னொரு முறை இழுத்தாள்.